பள்ளிக்கு அருகே அம்மோனியா: ஊர் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: வடகரப்பதி ஆசிரியை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோயம்புத்தூர் மாவட்ட எல்லையை ஒட்டிய ஊரொன்றில் உள்ள தமிழ்வழிப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்கு மேற்கே, ஒரு தென்னந்தோப்பைத் தாண்டினால், சுற்றுவட்டாரச் சங்கங்களிலிருந்து வரும் பாலைக் குளிரூட்டி அனுப்பும் நிலையம் ஒன்று இருக்கிறது. சில நாட்களில் காலை வழிபாட்டு நேரத்தில் அங்கிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. முன்வரிசையில் நிற்கும் சிறு பிள்ளைகள் கண்ணைக் கசக்குகிறார்கள்; ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இருமல் தொடங்கிவிடுகிறது. சிறிது நேரத்தில் நெடி மறைந்துவிடுவதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் அண்மையில் நாங்கள் சிலர் அங்கு சென்று விசாரித்தோம். குளிரூட்டும் இயந்திரங்களில் அம்மோனியா பயன்படுகிறது என்றும், இருப்பில் உள்ள அளவு சட்டம் குறிப்பிடும் வரம்பைவிட மிகக் குறைவு என்றும், ஆகவே ஊருக்கென்று தனியே அவசரத் திட்டம் எதுவும் தேவையில்லை என்றும் பொறுப்பாளர் மரியாதையாகவே விளக்கினார். எத்தனை கிலோ என்று கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றிவிட்டார். வாயிலில் உள்ள எச்சரிக்கைப் பலகை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள்.

சங்கத்துக்குள் இப்போது இரண்டு கட்சி. நிலையத்தை அங்கிருந்து அகற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். மாடு வைத்திருக்கும் பெற்றோர்களோ பேச்சையே எடுக்க வேண்டாம் என்கிறார்கள். இந்த நெடியே ஆபத்தா, அல்லது வேறொன்றின் அறிகுறியா என்பதும், அந்த நிலையத்திடமும் அரசிடமும் நாங்கள் எதைக் கேட்க உரிமை உண்டு என்பதும், பெரிய அளவில் கசிந்தால் பிள்ளைகளை வெளியே ஓடச் சொல்வதா உள்ளே அடைத்து வைப்பதா என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய பிளான்ட் ஆப்பரேட்டர், பொள்ளாச்சி

டீச்சர், நான் ஐஸ் ஃபாக்டரியிலும் பால் பண்ணையிலும் அம்மோனியா கம்ப்ரசர் ஓட்டி ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன்.

அம்மோனியாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது தன் வரவைத் தானே சொல்லிவிடும். காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு கலந்தாலே பலருடைய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளிக்குச் சட்டம் அனுமதிக்கும் சராசரி அளவு 25 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு 300 பங்கு. எனவே வழிபாட்டு நேரத்தில் வந்து மறையும் நெடி பிள்ளைகளைச் சாய்த்துவிடும் அளவில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் கண் எரிகிறது, இருமல் வருகிறது என்றால் அது வெறும் மூக்குக்குத் தெரியும் அளவைத் தாண்டிவிட்டது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தொழிலாளிக்கான கணக்கு பொருந்தவும் பொருந்தாது. இன்னொன்று, அங்கேயே வேலை செய்பவர்களுக்கு மூக்கு பழகிப் போய்விடும். "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று அவர்கள் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதை அளவீடாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஏன் காலையில் மட்டும் வருகிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. குழாயில் எங்கோ ஓட்டை என்றால் நாள் முழுக்க நெடி இருக்கும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வந்து போகிறது என்றால், அந்த நேரத்தில் யாரோ ஒரு வால்வைத் திறக்கிறார்கள் என்றே நான் நினைப்பேன். இரண்டு வேலைகள் அப்படி நடக்கும். ஒன்று, அமைப்புக்குள் சேர்ந்துவிட்ட காற்றை வெளியேற்றுவது. காற்றோடு அம்மோனியாவும் வரும் என்பதால் குழாயைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டு வெளியேற்ற வேண்டும். அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். டிரம் தண்ணீரை மாற்றாமலே விட்டால் அது நிறைந்துபோய், பிறகு வருவதெல்லாம் ஊருக்குத்தான்.

மற்றொன்று ஆயில் டிரெயின், அதாவது தேங்கிய எண்ணெயை இறக்குவது. அம்மோனியா பிளான்டுகளில் மனிதர்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கம்ப்ரசருக்கு ஊற்றும் எண்ணெயில் ஒரு பகுதி வாயுவோடு கிளம்பிப் போய், குளிர்ப்பகுதியின் அடியில் தேங்கும். எண்ணெய் திரவ அம்மோனியாவைவிடக் கனமானது என்பதால் அடியில் உள்ள வால்வைத் திறந்தால் எண்ணெய் முதலில் வரும். குளிரில் அது பாகு போலக் கெட்டியாகிச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். பொறுமை இழந்த ஆள் வால்வை இன்னும் இரண்டு சுற்று திறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார். எண்ணெய் தீர்ந்த மறுகணம் திரவ அம்மோனியா பீறிட்டு வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 850 லிட்டர் வாயுவாக விரியும். அதன் கொதிநிலையோ பூஜ்யத்துக்குக் கீழே 33 பாகை. வால்வு அந்தப் புகைமூட்டத்துக்குள்ளேயே இருப்பதால், அதை மூட யாரும் கிட்டே போக முடியாது. இதற்காகத்தான் கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வைக் கைவால்வுக்கு அடுத்ததாகப் பொருத்த வேண்டும், அந்தப் பகுதியிலுள்ள அம்மோனியாவை முதலில் கம்ப்ரசரால் இழுத்துவிட வேண்டும், ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம். ஸ்பிரிங் வால்வைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்திருக்கும் பிளான்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எத்தனை கிலோ இருக்கிறது என்பதோடு சேர்த்து, எண்ணெயை எப்போது, யார், எத்தனை பேர் இறக்குகிறார்கள், ஸ்பிரிங் வால்வு இருக்கிறதா, சேஃப்டி வால்வின் குழாய் எங்கே திறக்கிறது, கசிவைக் காட்டும் சென்சார் எந்த அளவில் மணியடிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். தெரிந்தவர் நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். கோப்பைத் தேட ஆரம்பித்தால் நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பதில் 2: பால் உற்பத்தியாளர், கொழிஞ்சாம்பாறை

டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் பால் அதிகம் கிடைக்கும் பகுதிகளில் நம் சித்தூர் வட்டம் முன்னணியில் இருப்பதற்குக் காரணம், கறந்த பால் கெடுவதற்குள் குளிரூட்ட அருகிலேயே இடம் இருப்பதுதான். அந்த நிலையம் ஒரு வேளை நின்றால்கூட அன்றைய பால் எங்கள் தலையில் விழும். அம்மோனியா என்ற பெயரைப் பத்திரிகையில் போட்டு, போபால் என்று ஒருவர் எழுதி, நாளைக்கு வாயிலில் கொடி கட்டினால் நட்டம் கம்பெனிக்கு இல்லை, இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்குத்தான். என் மாட்டுத் தொழுவத்தை ஒரு நாள் கழுவாமல் விட்டாலும் இதே நெடிதான் வருகிறது. ஆபத்தில்லாத வேறு வாயுவுக்கு மாற்றச் சொல்லலாமே?

பதில் 3: பழைய பிளான்ட் ஆப்பரேட்டர், பொள்ளாச்சி

மாற்றலாம், ஆனால் அது பெரிய முதலீடு. சிறிய குளிரூட்டிகளில் பயன்படும் மற்ற வாயுக்களில் பல புவியைச் சூடாக்குபவை என்று உலகமே அவற்றைக் குறைத்துக்கொண்டு வருகிறது. அம்மோனியா ஓசோனையும் கெடுக்காது, வெப்பத்தையும் கூட்டாது, மின்சாரமும் குறைவாகச் செலவாகும். எனவே அதை விரட்டுவது தீர்வில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். தொழுவத்து நெடியோடு ஒப்பிடுவதில் மட்டும் உடன்பாடில்லை. தொழுவம் ஒரே நிமிடத்தில் நூறு கிலோவை வெளியே விடாது.

2020 ஆகஸ்டில் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில், பூதலப்பட்டுக்கு அருகே ஒரு பால் நிறுவனத்தில் அம்மோனியா கசிந்து தொழிலாளர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே ஆண்டு ஜூனில் நந்தியாலில் ஓர் ஆலையில் கசிந்தபோது ஓர் உயிர் போயிற்று. இவை எதுவும் போபால் இல்லை. நம் ஊர் அளவுள்ள, நம் ஊரில் இருப்பதைப் போன்ற இடங்களில் நடந்தவை என்பதற்காகவே சொல்கிறேன்.

பதில் 4: வழக்கறிஞர், பாலக்காடு

சட்டப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். "வரம்புக்குக் கீழே" என்று பொறுப்பாளர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அபாயகரமான வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் டன் கணக்கில் வரம்பு இருக்கிறது. தனித்த சேமிப்பில் குளோரினுக்கு அது 10 டன், அம்மோனியாவுக்கு 60 டன். அந்த வரம்பை எட்டிய நிலையங்களுக்குத்தான் வளாகத்துக்குள்ளான அவசரத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை, மாவட்ட நிர்வாகம் தயாரிக்கும் வெளிப்புற அவசரத் திட்டம், சுற்றியுள்ள மக்களுக்குத் தகவல் தருவது ஆகிய கடமைகள் வருகின்றன. 1996ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நெருக்கடிக் குழுவின் கண்ணும் பெரும்பாலும் அத்தகைய நிலையங்கள் மீதுதான். பால் குளிரூட்டும் நிலையத்தில் இருப்பது சில நூறு கிலோ முதல் சில டன் வரை.

இங்கேதான் ஓட்டை இருக்கிறது என்பது என் கருத்து. 60 டன் என்ற எண் தொலைவில் உள்ள நகரத்தைப் பாதிக்கும் பேரழிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு தோப்பு தூரத்தில் பள்ளி இருக்கிறது என்பதை அந்த எண் அறியாது. வரம்பைத் தொடாத நிலையம் ஆபத்தற்ற நிலையம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனாலும் நடைமுறையில், பெரிய ஆலைகளின் பட்டியலில் இல்லாதவை யாருடைய மேசைக்கும் வருவதில்லை.

ஆகவே பெரிய ஆலைக்கான விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். அங்கே நீங்கள் தோற்பீர்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ், வாயுவை அழுத்தத்தில் வைத்திருக்கும் அழுத்தக்கலங்களைக் குறித்த காலத்தில் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்துச் சான்று பெறுவது உரிமையாளரின் கடமை. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டாலும், கேரளத்தில் நீங்கள் அணுக வேண்டிய அலுவலகம் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறைதான். சான்றின் நகல், உரிமத்தில் காட்டப்பட்ட அம்மோனியாவின் அளவு, கடைசி ஆய்வறிக்கை ஆகியவற்றை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அத்துறையிடம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இயக்க அனுமதியும் ஊராட்சி கொடுத்த உரிமமும் தனித்தனிக் கோப்புகள், அவற்றையும் கேட்கலாம். மூன்று இடத்திலும் ஒரே அளவுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் அதிலேயே விஷயம் வெளிவந்துவிடும்.

மொழியைப் பற்றி ஆசிரியை கேட்டது சிறிய விஷயமில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வகை செய்கிறது. மனுவைத் தமிழிலேயே கொடுங்கள். எச்சரிக்கைப் பலகையிலும் ஒத்திகை அறிவிப்பிலும் தமிழ் வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேருங்கள்.

பள்ளிக்கான திட்டத்துக்கு 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் உதவும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். அந்தச் சட்டத்தில் டன் வரம்பு எதுவும் கிடையாது. மாவட்டத் திட்டத்தில் அந்த நிலையத்தையும் உங்கள் பள்ளியையும் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். எல்லைக்கு அப்பால் உள்ள ஊர்களுக்காகக் கோயம்புத்தூர் ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இழுத்து மூடச் சொல்லும் மனு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சென்சாரும் ஒத்திகையும் கேட்கும் மனுவை எதிர்க்க அந்த நிலையத்துக்கே தயக்கமாக இருக்கும்.

பதில் 5: வடகரப்பதி ஆசிரியை

மிக்க நன்றி. பால்காரப் பெற்றோர்களும் கையெழுத்துப் போடக்கூடிய மனு ஒன்று இதிலிருந்து உருவாகும் என்று தோன்றுகிறது. மூன்றாவது கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் மணியடித்தால் எல்லாப் பிள்ளைகளும் கிழக்குப் பக்கத்து மைதானத்தில் கூடுவார்கள்; தீ விபத்துக்கான ஒத்திகையை அப்படித்தான் செய்கிறோம். அம்மோனியாவுக்கும் அதுவே போதுமா?

பதில் 6: ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்

போதாது. உங்கள் ஊரைப் பொறுத்தவரை அது தவறாகவும் போகக்கூடும்.

நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து கிழக்கே, பல நாட்கள் பலமாகவே, வீசும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை அது திரும்பிக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மேற்கே வீசும். நிலையம் மேற்கே, மைதானம் கிழக்கே என்றால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளை வாயு போகும் வழியிலேயே வரிசையாக நிறுத்துகிறீர்கள். கூடும் இடம் ஒன்றாக இருக்கக் கூடாது. வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றும் வேண்டும். எந்தப் பக்கம் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யக் கொடிக்கம்பத்திலேயே ஒரு துணிக்குழாய் கட்டிவிடலாம். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போவதுதான் விதி. காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

அம்மோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். வாயுவாகக் கசிந்தால் அது சரி. அழுத்தத்தில் இருக்கும் திரவம் பீறிட்டால், குளிர்ந்த துளிகளோடு சேர்ந்து வெள்ளை மேகமாகத் தரையை ஒட்டித்தான் நகரும். காற்றோட்டம் இல்லாத விடியற்காலையில் அது பள்ளத்திலும் வாய்க்காலிலும் தங்கும். எனவே வெள்ளை மேகம் பள்ளியை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரிகிறது, வெளியேற நேரம் இல்லை என்றால், வெளியே விடாதீர்கள். வகுப்பறைக்குள் சேர்த்து, கதவு சன்னல்களை மூடி, மின்விசிறிகளை நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடச் சொல்லுங்கள். தண்ணீர் அம்மோனியாவை உறிஞ்சும் என்பதால் இது சில நிமிடங்களுக்கு உதவும். கொரோனா காலத்து முகக்கவசம் மட்டும் எதையும் தடுக்காது. மேகம் கடந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியேறலாம். கல் கட்டடமும் நெருக்கமான சன்னல்களும் இருந்தால்தான் இது நடக்கும். ஓட்டுக்கூரையும் கம்பிவலையும் உள்ள அறைகளில் முன்கூட்டியே வெளியேறுவதே வழி. உங்கள் வகுப்பறைகள் எப்படிப்பட்டவை என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், குறைந்தது பதினைந்து நிமிடம், இமையை விரித்துப் பிடித்து. எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம். உறைந்த துணி தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் தண்ணீர் விட்டே பிரிக்க வேண்டும். வாயுவை நன்றாகச் சுவாசித்த பிள்ளை தெளிந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

ஊர் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓடக் கூடாது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போனவரையும் சேர்த்து நாங்கள் தூக்க வேண்டியிருக்கும். தரையில் திரவம் தேங்கிக் கிடந்தால் அதன்மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சவும் கூடாது. அது கொதித்து இன்னும் அதிக வாயுவைக் கிளப்பும். மேகத்தைத்தான் நீர்த்திரை போட்டு அடக்க வேண்டும், அதுவும் பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டியது. அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால் மீன்கள் செத்து மிதக்கும், மாடுகளை அங்கே விடாதீர்கள்.

தொலைபேசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லையில் இது தொல்லை. 112ஐ அழைத்தால் உங்கள் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போக வாய்ப்பு உண்டு. ஆகவே மாவட்டம், வட்டம், ஊராட்சி, அருகிலுள்ள பெரிய சாலை என்ற வரிசையில் முதல் வாக்கியத்திலேயே சொல்ல எல்லா ஆசிரியர்களுக்கும் பழக்குங்கள். "சித்தூர்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பெயரில் ஆந்திரத்தில் ஒரு மாவட்டமே இருக்கிறது. சித்தூர் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணையும், எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி நிலையத்தின் எண்ணையும் அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

பதில் 7: பால் உற்பத்தியாளர், கொழிஞ்சாம்பாறை

அகற்றச் சொல்லாத மனு என்றால் எங்கள் சங்கத்திலும் கையெழுத்து வாங்கித் தர நான் தயார். சென்சார் வாங்கும் செலவைப் பால் விலையில் கழித்துவிடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 8: பழைய பிளான்ட் ஆப்பரேட்டர், பொள்ளாச்சி

இன்னும் ஒரு வரியும் சேருங்கள். எண்ணெய் இறக்குவதையும் காற்று வெளியேற்றுவதையும் பள்ளி நேரத்தில் செய்யக் கூடாது, செய்யும் நாளில் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று. இதற்குச் செலவே இல்லை. மேலாளர் மறுக்கக் காரணமும் இருக்காது. அதற்குப் பிறகும் காலை வழிபாட்டில் நெடி வந்தால் அது வழக்கமான வேலையிலிருந்து வரவில்லை என்று புரிந்துகொண்டு, அன்றைக்கே தொழிற்சாலைகள் துறைக்கு எழுதுங்கள்.